தொட்டிக்குள் நின்ற லியோந்தியோஸ்

எங்கள் கோயிலின் குவிமாடத்தை எழுப்பியவர் என் வீட்டுக்காரர் லியோந்தியோஸ். எழுப்பி என்ன பிரயோசனம்? திருமுழுக்கு வாங்காத மனிதர். பாதிப் பூசையில் வாங்காதவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவார்கள். இவரும் அவர்களோடு முன்மண்டபத்துக்குப் போய்விடுவார். நான் மேல்மாடத்தில் பெண்களோடு நின்று பல்லைக் கடிப்பேன்.

"கொத்து வேலை பாக்குறவன் வாயில கெட்ட வார்த்தை வராம இருக்குமா? இன்னிக்குப் பாவத்தைக் கழுவிட்டு நாளைக்கே அழுக்காகவா? சாகப்போறப்ப பாத்துக்கலாம்" என்பார். ஊரில் பாதி ஆண்களுக்கு இதே நினைப்பு.

போன மழைக்காலத்தில் சாரம் சரிந்து விழுந்தார். பேச்சு மூச்சில்லை. ஆயரைக் கூப்பிட ஓடினேன். திரும்பி வருவதற்குள் எழுந்து உட்கார்ந்து, சாரம் கட்டியவனைத் திட்டிக்கொண்டிருந்தார்! எனக்குத்தான் அன்றிலிருந்து பயம் விடவில்லை. முழுக்கு வாங்காமல், வெளியே நின்றபடியே போய்ச் சேர்ந்துவிடுவாரோ?

இந்த உயிர்ப்புத் திருநாளில் எங்கள் மகள் மக்ரீனாவுக்கு முழுக்கு. இவர் கட்டிய எட்டுப்பட்டை முழுக்கு மண்டபம், இவர் கட்டிய தொட்டி. விடிகிற நேரம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வரிசையில் நின்றேன். இவர் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பிள்ளையை ஆயர் முக்கி எடுத்ததும் தண்ணீர் மடமடவென்று இறங்கியது. அடியில் அடைப்பு கழன்றுவிட்டது.

"ஐயையோ!" என்று இவர் உடுத்த துணியோடு உள்ளே குதித்தார். ஓட்டையில் குதிகாலை அழுத்தி, "நடத்துங்க சாமி, நான் அசையமாட்டேன்" என்றார்.

குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இவருக்குப் பக்கத்தில் முங்கி எழுந்தார்கள். எங்கள் மக்ரீனாவும் எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, நீயும் முங்கு!" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆயர் சிரிக்கவில்லை. "பிள்ளை கேக்குதே, என்ன சொல்ற?"

"வேணாம் சாமி. நாளைக்கே எவனையாவது திட்டித் தொலைப்பேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! "யோவ்! துவைச்ச துணி திரும்ப அழுக்காகும்னு யாராவது அம்மணமா திரியிறாங்களா?"

ஆயரின் தோள் சிரிப்பில் குலுங்கியது. "இத்தனை வருஷமா நான் பிரசங்கம் பண்ணது வீண். இவ ஒரே பேச்சுல முடிச்சுட்டா" என்றார்.

இவர் என்னையே பார்த்தார். "நான் விழுந்தன்னிக்கு ரொம்ப பயந்துட்டியா, ஆர்த்தேமியா?"

"இப்பவும் பயந்துகிட்டுதான்யா நிக்கிறேன்."

ஆயர் பக்கம் திரும்பி, "சரி சாமி" என்று தலை குனிந்தார். மூன்று முறை முங்கினார். குதிகாலை மட்டும் எடுக்கவில்லை.

அன்றைய பூசையில் மேல்மாடத்திலிருந்து கீழே பார்த்தேன். குவிமாடத்துக்கு நேர் கீழே, ஈரத் தலையோடு, மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். கதவைச் சாத்தினார்கள். அவர் உள்ளே இருந்தார். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நான் வாய்விட்டு அழுதேன்.