கண்ணாடியின் பின்பக்கம்

என் அப்பா தொடங்கிய பட்டறையில் லேசர் கருவிகளுக்கான கண்ணாடிகள் செய்கிறோம். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும், நட்ட நடுவில், அப்பா பெயரின் முதலெழுத்தைப் பொடியாகச் செதுக்கியிருப்போம். அது இல்லாமல் ஒரு கண்ணாடியும் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை.

அப்படிப்பட்ட கண்ணாடியில் குறை இருக்கிறது, திருப்பி அனுப்புகிறோம் என்று ஓர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. உடனே கிளம்பினேன். பட்டறையில் அளவு பார்க்கும் வேலை மருமகளுடையது. அவளும் கூட வந்தாள்.

"கோபத்தை வண்டியிலயே வச்சுட்டு வாங்க மாமா."

"கோபமெல்லாம் இல்ல. ரெண்டு வார்த்தை கேக்கப் போறேன், அவ்வளவுதான்."

"அதான் பயமா இருக்கு."

கூடத்துப் பொறியாளர் லேசரைக் குறைந்த சக்தியில் இயக்கினார். ஒளி எங்கள் கண்ணாடியில் பட்டுத் திரும்பியது.

"முன்பக்கத்துல ஒரு குறையும் இல்ல சார். ஆனா துளி வெளிச்சம் ஊடுருவிப் பின்னால போகும். அதை வச்சுத்தான் லேசரோட சக்திய அளக்குறோம். அந்த அளவுதான் தாறுமாறா வருது."

மருமகள் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தாள். மங்கலான பச்சை வட்டம் விழுந்தது. அதன் நடுவே, கறுப்பாக, அப்பாவின் எழுத்து.

ஒரு கணம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"தாத்தா வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறார் மாமா," என்றாள் அவள் மெதுவாக.

பொறியாளருக்குச் சங்கடமாகிவிட்டது. "பரவால்ல சார். வெளிச்சத்தைக் கொஞ்சம் ஓரமா விட்டுக்குறோம்."

"வேண்டாம். எங்க வீட்டுப் பேருக்காக உங்க லேசர் ஒதுங்கிப் போகக் கூடாது. கழட்டிக் குடுங்க."

வண்டியில் மருமகள் தயங்கினாள். "புதுசாவே ஒண்ணு செஞ்சிடலாம் மாமா. பின்பக்கத்தைத் தேய்ச்சா முன்பக்கம் வளைஞ்சிடும்."

"வளையாம தேய்க்கிறேன்."

"எதுக்கும் அவர்கிட்ட ஒரு வார்த்தை…"

"யாரு, உன் புருஷனா? தாத்தா எழுத்தை அழிக்கிறோம்னு அவன் அழ ஆரம்பிச்சா யாரு சமாதானம் பண்றது?"

பட்டறைக்குத் திரும்பியதும் முன்பக்கப் பூச்சின்மேல் காப்பு அரக்கைத் தடவிக் காயவிட்டேன். பிறகு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்து, நுண்பொடியும் தண்ணீருமாகத் தேய்த்தேன். எழுத்து ஆழமாக இருந்தது. அந்த ஆழம் அப்பா வகுத்தது; அவர் எதையும் மேலோட்டமாகச் செய்தவர் அல்ல. முதலில் அதன் சுழி போயிற்று. பிறகு மற்றதும். அவசரப்பட்டால் சூடேறி வளைந்துவிடும் என்பதால் அடிக்கடி ஆறவிட்டு, மெருகேற்றி முடித்தேன்.

அரக்கை நீக்கிவிட்டு மருமகள் அளவுக் கருவியில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடி வளைந்திருந்தால் திரையில் விழும் ஒளிக்கோடுகளும் வளைந்து தெரியும்.

"கோடெல்லாம் நேரா இருக்கு. வளையல மாமா."

அலமாரியில் அனுப்பத் தயாராக ஒரு வரிசைக் கண்ணாடிகள் இருந்தன.

"அதையும் எடும்மா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். முன்பக்கம் மட்டுந்தான் வாங்குறவங்களுக்கு வேணும்னு நாம எப்படிச் சொல்ல முடியும்?"

அவள் முதல் கண்ணாடியை விளிம்பு பிடித்து எடுத்து, கவிழ்த்து, என் முன்னால் வைத்தாள்.