மூன்றாவது சிப்பாயின் சத்தியம்

இராஜரட்ணத்தை ஒபெரா என்ற பாட்டு நாடகத்துக்குள் இழுத்துவிட்டது அவனுடைய மீசைதான். ரெக்ஸ்டேலில் மட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவன் ஐந்து வருடமாக வேலை செய்தான். அவனுக்கு மேலே சுப்பவைசராக இருந்த கஸ்பர் போலந்துக்காரர். வார நாட்களில் மெஷின்களோடு மல்லுக்கட்டுவார். வார இறுதியில் ரொன்சஸ்வேல்ஸ் தெருவில் இருக்கும் போலந்துக்காரரின் தேவாலய மண்டபத்தில் ஒபெரா இயக்குவார்.

1994ஆம் ஆண்டு வசந்தத்தில், போன நூற்றாண்டில் எழுதப்பட்ட தங்கள் தேசிய ஒபெராவை ஒரு வரி குறையாமல் மேடையேற்றுவதென்று அவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். பாட ஆட்கள் இருந்தார்கள், மீசைதான் இல்லை. அந்தக் காலத்துப் போலந்துச் சிப்பாய்க்கு வாயின் இரண்டு பக்கமும் வழிந்து தொங்கும் மீசை இல்லாவிட்டால் மரியாதை இல்லையாம். ஒட்டுமீசை உச்சத்தில் பாடும்போது கழன்றது. ஒத்திகையில் ஒருவர் அதில் பாதியை விழுங்கியும் விட்டார்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் கஸ்பர் இராஜரட்ணத்தின் மேலுதட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாடத் தெரியுமா என்று அவர் கேட்கவேயில்லை. இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது சிப்பாய் என்று மட்டும் சொன்னார்.

இராஜரட்ணம் போலந்து வரிகளைத் தமிழில் எழுதிப் பாடமாக்கினான். மொழி முழுக்க ஷ்ச் என்றும் ப்ஷ என்றும் இரைந்தது. கருத்து என்னவென்று அவனும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

அவனுடைய மனைவி குணவதி ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கலியாணம் முடித்துப் பத்தாம் நாள் அவன் வெளிநாட்டுக்குப் புறப்பட்டவன். அவளை ஸ்பொன்சர் பண்ணி எடுக்க நாலரை வருடம் போய்விட்டது. கணவன் வெள்ளைக்காரரோடு மேடையில் ஏறுகிறான் என்றதும் அவள் கூறைச் சேலையை உடுத்துக்கொண்டு ஞாயிறு மத்தியானக் காட்சிக்கு வந்து நான்காவது வரிசையில் இருந்தாள். பக்கத்தில் பொன்னம்பலம் மாஸ்ரர். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர். நோட்டீசில் இருந்த ஆங்கிலக் கதைச்சுருக்கத்தை அவளுக்குச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக்கொண்டிருந்தார்.

போர் முடிந்து வீடு திரும்பும் இரண்டு சகோதரர்கள், இனி நாட்டுக்காகவே வாழ்வோம், கலியாணம் கட்டமாட்டோம், வீட்டில் பெண் என்ற பேச்சே இருக்காது என்று சத்தியம் செய்கிறார்கள். கஸ்பரின் ஏற்பாட்டில் கூட நின்ற ஒன்பது சிப்பாய்களும் வாளை உயர்த்தி அதே சத்தியத்தைப் பாடினார்கள். இராஜரட்ணத்துக்கு மிகவும் பிடித்த இடம் அது. நாக்கு இடறாத ஒரே இடமும் அதுதான். அவன் எல்லோரையும் விட உரத்துப் பாடினான்.

இடைவேளைக்குத் திரை விழுந்ததும் குணவதி நேரே மேடைக்குப் பின்னால் வந்தாள். வாளும் தொப்பியுமாக நின்ற ஆண்கள் விலகி வழிவிட்டார்கள்.

"இப்ப என்ன சத்தியம் பண்ணினீங்கள் எண்டு தெரியுமோ?" என்று அவள் கேட்டாள்.

தெரியாது என்றான். அது உண்மை.

"கொழும்பிலை விசா இன்ரவியூவிலை அறுபத்திரண்டு கடிதம் காட்டினாப் பிறகுதான் நான் உங்கடை பெஞ்சாதி எண்டு நம்பினவை. நீங்கள் முந்நூறு பேருக்கு முன்னாலை வாளைத் தூக்கிக்கொண்டு, பெஞ்சாதியே வேண்டாம் எண்டு பாடுறியள். ஆரும் இமிகிரேசனுக்கு எழுதிப்போட்டால் நான் என்ன செய்யிறது?"

இது வெறும் நாடகம் என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அதற்குள் கஸ்பர் வந்துவிட்டார். என்ன விஷயம் என்று அவர் கேட்க, வெட்கத்தோடு மொழிபெயர்த்தான். சிரிப்பார் என்று நினைத்தான். கஸ்பர் சிரிக்கவில்லை. அவருடைய மனைவியும் பாஸ்போட் கிடைக்காமல் ஏழு வருடம் போலந்தில் இருந்தவள். அவர் ஒரு கதிரையில் உட்கார்ந்து இசைப்பிரதியைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். கடைசி அங்கத்தில் சகோதரர்கள் இரண்டு பேரும் சத்தியத்தை முறித்துக் கலியாணம் செய்கிறார்கள். சிப்பாய்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்றாவது சிப்பாய் சாகும்வரை பிரமச்சாரிதான் என்று கவலையோடு சொன்னார்.

பிறகு எழுந்து திரைக்கு முன்னால் போனார். மூன்றாவது சிப்பாயை அந்தச் சத்தியம் கட்டுப்படுத்தாது, அவர் மணமானவர், மனைவி இங்கேயே இருக்கிறார் என்று போலந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் அறிவித்தார்.

 முன்வரிசையில் ஒரு கிழவர் தடியை ஊன்றி எழுந்து, இது தேசத்தின் சொத்து, வரி மாற்ற உமக்கு உரிமை இல்லை என்றார். வரி எதுவும் மாறவில்லை, ஒரு ஆள்தான் குறைந்திருக்கிறார் என்றார் கஸ்பர். கிழவர் யோசித்தார். பிறகு அது சரி என்று இருந்துவிட்டார்.

அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஐந்தாவது சிப்பாய் தன்னுடைய கணவன், இருபத்திரண்டு வருடத்துக் கலியாணம், தனக்கும் அறிவித்தல் வேண்டும் என்றாள். அவள் திரும்ப உட்காருமுன்னே இன்னும் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். கால்மணி நேரத்தில் ஒன்பது சிப்பாய்களும் சத்தியத்திலிருந்து விடுபட்டார்கள். சத்தியமே செய்யாத மேளக்காரரும் தன் பெயரைச் சொல்லும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்.

மிஞ்சியது சகோதரர்கள் மட்டும். மூத்தவராகப் பாடியவருக்கு மனைவி இருந்தாள். ஆனால் அவர் விடுபட்டால் கதை நடக்காது என்று கஸ்பர் அவளிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. இளையவர் உண்மையிலேயே பிரமச்சாரி. தனக்காகவும் யாராவது எழும்புவார்களா என்று அவர் திரை இடுக்கால் சபையைப் பார்த்துக்கொண்டு நின்றதை இராஜரட்ணம் கண்டான். ஒருவரும் எழும்பவில்லை.

கடைசி அங்கத்தில் சகோதரர்களுக்குப் பெண் கிடைத்தபோது குணவதி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள் என்று மாஸ்ரர் பிறகு சொன்னார்.

வெளியே வெயில் இன்னும் இருந்தது. தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காருக்காக மாஸ்ரரோடு மூவரும் நின்றபோது அந்த இளைய சகோதரர் வேஷத்தைக் கழற்றாமலே ஓடிவந்தார். குணவதிக்குத் தலைகுனிந்து வணங்கிவிட்டு, இராஜரட்ணத்திடம் தாழ்ந்த குரலில் ஒரு விஷயம் கேட்டார். அவளுக்குத் தெரிந்த இடத்தில் கலியாணம் ஆகாத பெண் யாராவது இருக்கிறாளா என்பதுதான் அது.

இராஜரட்ணம் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான். குணவதி அந்த மனிதரைத் தொப்பியிலிருந்து சப்பாத்து வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"என்ன நட்சத்திரம் எண்டு கேளுங்கோ" என்றாள்.

பிறந்த தேதி தெரியும், நேரம் தெரியாது என்றார் அவர். போலந்தில் இருக்கும் அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டு, திங்கட்கிழமை கஸ்பரிடம் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.