மூன்றாம் மாதத்துத் தலை

இப்போது என் தம்பி அஜினைப் பார்க்கிறவர்கள், "என்ன எண்ணெய் தேய்க்கீங்க?" என்று கேட்கிறார்கள். அவனும் வெட்கமே இல்லாமல், "வீட்டுல காய்ச்சுத தேங்காயெண்ணெதான்" என்கிறான். கொச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஏழு மணி நேரம் கிடந்து, பின்மண்டையிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வேரைப் பிடுங்கி முன்மண்டையில் நட்டுக்கொண்டு வந்த கதையை அவன் சொல்லமாட்டான். நான் சொல்கிறேன். அந்தத் தலைக்கு அரைமணிக்கு ஒருதரம் தண்ணீர் தெளித்தவள் நான்தான்.

அஜினுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மார்த்தாண்டத்தில் ஒரு டைல்ஸ் கடையில் சூப்பர்வைசர். முன்னந்தலை முழுக்க முடி கொட்டிக் கசண்டி. அவனுக்குப் பேசியிருந்த ராஜாக்கமங்கலத்துப் பெண் சுபிதாவின் வீட்டுக்குப் போன போட்டோவிலோ நெற்றி மறைய முடி இருந்தது. நாலு வருஷத்துக்கு முந்திய படம். தேடி எடுத்துக் கொடுத்தது எங்கள் அம்மா பகவதியம்மாள். "கெட்டினதுக்குப் பொறவு கொட்டிட்டுன்னு சொல்லிக்கிடலாம்" என்பது அம்மாவின் யோசனை.

ஆனால் பத்து நாள் சுபிதாவோடு போனில் பேசியதிலேயே இவன் ஆளே மாறிப்போனான். "எக்கா, கெட்டுனா இவளத்தான் கெட்டுவேன். ஆனா இந்த மண்டையோட அவ முன்னால போவ மாட்டேன்" என்றான். பெண் பார்க்கப் போவதை ஏதேதோ சொல்லித் தள்ளிவைத்துவிட்டு, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு கொச்சிக்கு ரயில் ஏறினான்.

திரும்பி வந்த மூன்றாம் நாள் முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிக்கொண்டன. கேட்டவர்களிடம் குளவி கொட்டிவிட்டது என்றோம். ஒரு வாரம் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினான். பொருக்கெல்லாம் உதிர்ந்து, நட்ட முடி அரிசி நீளத்துக்கு நின்றபோது கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. அந்தச் சந்தோஷம் பத்து நாள்கூட நிலைக்கவில்லை. தலையணை முழுக்க முடி.

"எக்கா, எல்லாம் போச்சு!"

"ஏலே, டாக்டர் சொன்னத நீ கேக்கலியா? நட்ட முடி கொட்டும், வேரு உள்ள இருக்கும், நாலாம் மாசத்துக்கு மேல மொளைக்கும், முழுசா வர ஒரு வருசம் ஆவும்னு சொன்னாருல்லா?"

"ஒரு வருசம் அவ காத்து நிப்பாளா?"

மூன்றாம் மாதத்தில் தலை முன்னைவிட மோசமாகிவிட்டது. பழைய கசண்டியாவது பளபளவென்று மரியாதையாக இருந்தது. இது சிவந்து, திட்டுத்திட்டாக, விதைத்த பிறகு மழை பொய்த்த வயலாகக் கிடந்தது.

அப்போதுதான் அவனுக்கு அந்தப் புத்தி வந்தது. நாங்கள் ஐயாவைக் கும்பிடுகிறவர்கள். ஐயாவின் கோயிலான எங்கள் தெரு நிழல்தாங்கலுக்குள் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் போவார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை எட்டிப்பார்க்கிற அஜின் தினமும் போக ஆரம்பித்தான். தளர்வாகக் கட்டினால் குற்றமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். தாங்கலுக்குள் கட்டியதை வெளியே வந்தும் அவன் அவிழ்க்கவில்லை. பஸ்ஸிலும் தலைப்பாகை, கடையிலும் தலைப்பாகை. கடைக்கு வந்தவர்கள் முதலில் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள், பிறகுதான் பாத்ரூம் டைல்ஸ் கேட்டார்கள்.

தாங்கல் கமிட்டித் தலைவர் தாணு மாமா உருகிவிட்டார். "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பயலா!" என்று, காலை வழிபாட்டுப் பாட்டான உகப்படிப்பைப் படிக்கும் பொறுப்பை அவனிடமே ஒப்படைத்தார். ஏழரைக்கு எழுந்து பழகியவன் நாலரைக்குக் குளித்தான். ஐயாவின் பேரில் கட்டுகிற தலைப்பாகையைக் கசண்டிக்கு மூடியாக்கிவிட்டானே என்று எனக்கு மனசு உறுத்தியது. அம்மாவுக்கு ஒன்றும் உறுத்தவில்லை. "எப்பிடியோ சாமி கும்பிடுதாம்லா, விடு" என்றாள்.

தாணு மாமா சும்மா இருந்திருக்கலாம். ராஜாக்கமங்கலத்தில் சுபிதாவின் அப்பாவைப் பார்த்து, மாப்பிள்ளை இருபத்துநாலு மணி நேரமும் ஐயா நினைப்பிலேயே இருக்கிறார் என்று அளந்துவிட்டு வந்தார். அந்த மனுஷர் பூரித்துப்போனார். பெண் பார்க்கிற சடங்கெல்லாம் எதற்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்களே வந்து வாக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லியனுப்பினார். அஜின் தலைப்பாகை நழுவும்படி குதித்தான்.

வியாழக்கிழமை சுபிதா எனக்கு போன் செய்தாள்.

"எக்கா, ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன், கேட்டியளா. எங்க வீட்டுலயும் எல்லாருக்கும் பக்தி உண்டு. ஆனா ஒரு சாமியாரக் கெட்ட என்னால முடியாது. வீடியோ காலுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்காரு. பொண்ணுவ மொகத்தப் பாக்கப்பிடாதுன்னு விரதமா? போன்ல நல்லா சிரிச்சுப் பேசுன ஆளு இப்பிடி ஆவாருன்னு நெனைக்கவே இல்ல. நாளான்னைக்கு அப்பாட்ட மாட்டேன்னு சொல்லப் போறேன்."

பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காய் முடிந்தது. யாரை இழக்கக் கூடாதென்று மறைத்தானோ, அந்த மறைப்பே அவளை விரட்டிவிட்டது. நான் அவள் காலில் விழாத குறையாக, "சனிக்கிழம நாரோயில்ல ஒரு பத்து நிமிசம் அவனப் பாத்துட்டுச் சொல்லு மக்கா" என்று கெஞ்சினேன்.

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜூஸ் கடை. அஜினைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். வழியெல்லாம் முரண்டு.

"எக்கா, இதப் பாத்தா அவ ஓடிருவா."

"பாக்காமலே ஓடப் போறா. பாத்துட்டு ஓடுனா ஒனக்கு ஒரு தெளிவாவது கெடைக்கும்லா?"

சுபிதா முதலிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். தலைப்பாகையைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. நான் அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். அஜின் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டான்.

"இதாக்கும் விசயம்" என்றான். "போட்டோ பழசு. முடி வச்சேன், வச்சது கொட்டிட்டு. வர ஒரு வருசம் ஆவுமாம். சரியா வராமலும் போவலாம். நான் சாமியாரு ஒண்ணும் இல்ல. பக்தி உண்டு, ஆனா இம்புட்டு இல்ல. ஒங்கிட்ட காட்டக் கூச்சப்பட்டுத்தான் கெட்டினேன்."

சுபிதா முன்பக்கம் பார்த்தாள், தலையைச் சரித்துப் பின்பக்கமும் பார்த்தாள். அஜின் பரீட்சைத்தாளைத் திருத்தக் கொடுத்தவன் போல் குனிந்திருந்தான். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டால் என் தம்பி அதிலிருந்து எழுந்திருக்க மாட்டான் என்று தெரியும்.

"தொட்டா நோவுமா?" என்று கேட்டாள்.

"நோவாது. இன்னும் மரத்துதான் கெடக்கு. தொட்டாலும் தெரியாது."

அத்தனை பேர் இருந்த கடையில் அவள் எட்டி, உள்ளங்கையை அவன் தலைமேல் வைத்தாள்.

"இப்பம் தெரியுதா?"

"இல்ல" என்றான். கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது.

"பொய்யி" என்றாள் சுபிதா. கையை அவள் எடுக்கவில்லை. "நாளைக்கி அப்பா வருவாவ. இந்தத் தலையோடயே வாசல்ல நில்லுங்க. ஏதாவது சொன்னாவன்னா, பாத்துட்டுத்தான் சரின்னேன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

அஜின் தலையாட்டினான். அவள் கையும் சேர்ந்து ஆடியது.