கோல் கம்பத்தடியில் வில்ஃப் ஆக்ராய்ட்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கிரிம்பிள்ஷா டவுன் கால்பந்துக் கிளப் இதுவரை வாங்கிய தோல்விகள் அத்தனையின் மேலும் ஆணையாகச் சொல்கிறேன். அதைவிடப் பெரிய ஆணை இந்த ஊரில் கிடையாது. நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போங்கள், குளிர் அடிக்கிறது.

கிரிம்பிள்ஷாவில் ஒருவர் செத்தால் எரித்த சாம்பலை டானர்ஸ் லேன் மைதானத்தில் தூவுவார்கள். சனிக்கிழமை, ஆட்டத்தின் இடைவேளையில், குடும்பம் குடையோடு வந்து நிற்கும். தூவியதும் எல்லோரும் ஒருமுறை கைதட்டுவார்கள். பிறகு இரண்டாம் பாதி. கல்லறைத் தோட்டம் என்று ஒன்று உண்டு. அதில் வெளியூர்க்காரர்களும் ரக்பி பார்க்கிறவர்களும் கிடக்கிறார்கள். பாதிரியாரே மூலைக்கொடிப் பக்கம் தமக்கு ஓரிடம் சொல்லி வைத்திருந்தார்.

ஆனால் கிளப் பழையது, ஜனமோ சாவதை நிறுத்துவதாக இல்லை. தரை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு ஆட்டக்காரர்களின் காலுறை மட்டுமே தெரிந்ததால் அவர்களுக்குப் பாதி டிக்கெட் போட்டார்கள். கோல் கம்பங்கள் நட்ட இடத்திலேயே நின்றன, தரை மட்டும் ஏறியது. கடைசியில் குறுக்குக் கம்பம் கோல்கீப்பரின் நெஞ்சு மட்டத்துக்கு வந்துவிட்டது. அவர் அதன்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, பால்காரரோடு வாசலில் நின்று பேசுகிறவர்போல ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று பருவங்களாக அங்கே யாரும் யாருக்கும் கோல் போடவில்லை. டவுன் அணியின் வரலாற்றில் அதுதான் பொற்காலம்.

கம்பத்தைத் தூக்கி நடலாமே என்பீர்கள். தூக்கத் தோண்ட வேண்டும். வலது கம்பத்தடியில் கசாப்புக்கடை ஹெர்பர்ட் இருந்தார். உயிரோடிருந்தபோதே அவரை ஓர் அங்குலம் நகர்த்த யாராலும் முடிந்ததில்லை.

லீக்கிலிருந்து ஒருவர் அளவு நாடாவோடு வந்தார், அளந்தார், தலையில் கைவைத்தார். "கம்பத்தை உயர்த்துங்க, இல்ல இடத்தை மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இடத்தை மாற்றுவது என்றதும் எட்னா ஆக்ராய்ட் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எட்னாவின் கணவர் வில்ஃப், வடக்குக் கோலின் இடது கம்பத்தடியில் இருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் கோலுக்குப் பின்னால் அதே இருக்கையில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கில் இருந்து மாட்டிறைச்சிச் சாறைக் குடித்தபடி, வாரத்துச் சங்கதியை எல்லாம் அவரிடம் சொல்லுவாள்: கேஸ் கட்டணம் ஏறியது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. உயிரோடிருந்தபோது வில்ஃப் காது கொடுத்துக் கேட்டது இவ்வளவுகூட இல்லை. இந்தச் சனிக்கிழமைப் பேச்சு போய்விட்டால் வாரத்தில் மிச்சம் இருப்பது குழாய் ஒழுகும் சத்தம் மட்டும்தான்.

கிளப் தலைவர் டெஸ்மண்ட் பிக்கிள்ஸ் குளியலறைச் சாமான் வியாபாரி. அவர் உறுப்பினர் கூட்டத்தைக் கூட்டினார். நெடுஞ்சாலை ஓரத்தில் புது மைதானம், சூடேற்றிய இருக்கை, கதவு வைத்த கழிப்பறை. பழைய இடத்தை ஒரு சூப்பர் மார்க்கெட் வாங்கிக்கொள்ளும்.

"கதவா?" என்றது பின்வரிசை. "கதவு எதுக்குய்யா? ஆட்டத்தை எப்பிடிப் பாக்கறது?"

எட்னா எழுந்தாள். "தலைவரே, வில்ஃப் என்ன ஆவாரு?"

பிக்கிள்ஸ் வரைபடத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "மிஸஸ் ஆக்ராய்ட், அவரு இருக்கற எடத்துல வந்து... உறைஞ்ச பட்டாணி வைக்கிற பெட்டி வருது."

"குளிர்ப் பெட்டியா?"

"ஆமாங்க."

"அவருக்குக் குளிரே ஆகாது. ஜூன் மாசத்துல ரெண்டு பனியன் போட்டுக்கிற மனுஷன்."

எட்னாவின் பின்னால் கிரிம்பிள்ஷாவின் விதவைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். கிளப்பில் பாதி ஓட்டு அவர்களுடையது, மீதிப் பாதி அவர்களுக்குப் பயந்தவர்களுடையது. பிக்கிள்ஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"சரிம்மா," என்று இறங்கி வந்தார், "எல்லாரையும் கூடவே கூட்டிட்டுப் போயிடலாம். அவங்கவங்க ஆளை வாளியில அள்ளிக்குங்க. லாரி என் செலவு."

"யாரு எங்க இருக்காங்கன்னு எப்பிடிய்யா தெரியும்?" என்றாள் மேவிஸ். எட்னாவின் பக்கத்து இருக்கைக்காரி, வாய்க்குப் பூட்டில்லாதவள். "காத்துல எல்லாம் கலந்து கெடக்கு. நான்பாட்டுக்கு எவளோ ஒருத்தி புருஷனை வாளியில போட்டுட்டுப் போயி, சனிக்கிழமையெல்லாம் அவன் புலம்பலைக் கேக்கணுமா? என் ஆளு புலம்பலே தாங்கல."

வழியைச் சொன்னவள் எட்னாதான். அதை அவள் பிறகு நினைத்து நினைத்துப் பார்த்தாள். "செத்தாலும் ரெஃப்ரி மேல இருக்கற கோவம் போயிருக்காது. திரெல்ஃபாலைக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

கிளைவ் திரெல்ஃபால் ஓய்வுபெற்ற நடுவர். ஒரு காலத்தில் டவுனுக்குக் கொடுக்க வேண்டிய பெனால்டியைக் கொடுக்காமல், பேருந்தின் தரையில் குப்புறப் படுத்து ஊரைவிட்டுத் தப்பியவர். போலீஸ் துணையோடு வருவதாக ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம், தூறலில், விதவைகள் வாளியும் கரண்டியுமாக மைதானத்தில் பரவி நின்றார்கள். திரெல்ஃபால் கறுப்பு உடையில் நடுவட்டத்துக்கு நடந்து போனார். விசில் ஊதினார். கையை நீட்டி, "பெனால்டி கிடையாது!" என்றார்.

புல் சிலிர்த்தது. சண்டைக்கு நிற்கும் பூனையின் முதுகுபோல அங்கங்கே திட்டுத் திட்டாக எழுந்து நின்றது. நடுவில் வழுக்கையாகவும் ஓரத்தில் மட்டும் புல்லாகவும் ஒரு திட்டு எழுந்ததும் மேவிஸ் பாய்ந்தாள். "இதான்! இதான் என் ஆளு! நடுமண்டையைப் பாரு!" வலது கம்பத்தடியில் ஹெர்பர்ட் கம்பத்தையே ஆட்டினார். பெண்கள் அடையாளம் கண்டு, திட்டித் தீர்த்து, அள்ளினார்கள்.

எட்னாவின் காலடியில் மட்டும் புல் படிய வாரிய தலைபோலக் கிடந்தது.

"இன்னும் கொஞ்சம் மோசமாக் குடுங்க, மிஸ்டர் திரெல்ஃபால்" என்றாள்.

திரெல்ஃபாலுக்கும் பழைய ருசி திரும்பியிருந்தது. நடக்காத ஆட்டத்தில் டவுன் கோலை ரத்து செய்தார். டவுன் கேப்டனை வெளியே அனுப்பினார். பந்தைக் கையால் எறியும்போது ஆஃப்சைடு என்றார், விதியிலேயே இல்லாத குற்றம் அது. பாதிரியார் வாயிலிருந்தே ஒரு கெட்ட வார்த்தை வந்தது. எட்னாவின் காலடியில் அசைவில்லை.

"வில்ஃப்," என்றாள் அவள் குனிந்து, மெதுவாக. "எந்திரிங்க. எல்லாரும் கெளம்பறாங்க. என்னைத் தனியா விட்டுடாதீங்க."

திரெல்ஃபாலுக்கு மூச்சு வாங்கியது. குழப்பத்தில் திசை மாறி விசிலை ஊதி, "மார்ஸ்கில்லுக்கு எதிரா பெனால்டி!" என்று கத்திவிட்டார்.

மார்ஸ்கில் யுனைடெட் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள், நீலச்சட்டைக்காரர்கள். டவுன்காரனுக்கு அவர்கள் தோற்பதைப் பார்ப்பதுதான் சொர்க்கம். மைதானத்தில் மிச்சமிருந்த புல்லெல்லாம் சுகமாகப் படுத்தது. எட்னாவின் காலடியில் மட்டும் ஒரு திட்டு முள்ளம்பன்றியாகச் சீறி எழுந்தது.

எல்லா வாளியும் நின்றது.

"அது களைடி" என்றாள் மேவிஸ். "களையாத்தான் இருக்கும்."

எட்னா நிமிரவில்லை. "மார்ஸ்கில்லுக்கு ஒரு கோல் குடுங்க" என்றாள்.

திரெல்ஃபால் கொடுத்தார். திட்டின் நடுவில் ஒரு சின்ன நீலப் பூ மலர்ந்தது.

கிரிம்பிள்ஷாவில் கணவன் வேறொருத்தியோடு போனால் அக்கம்பக்கம் ஆறுதலாக ரொட்டி சுட்டுக் கொண்டுவரும். இதற்கு என்ன கொண்டுவருவது என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார்.

எட்னாவுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. டவுன் ஜெயித்த இரவுகளில் வில்ஃபுக்கு வயிற்றுவலி வரும், சாப்பாடு வேண்டாம் என்பார், அவள் இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுப்பாள். நல்ல காலமாக டவுன் அதிகம் ஜெயித்ததில்லை. அவள் பின்னிக் கொடுத்த சிவப்புக் கழுத்துத்துணி கழுத்தை அரிக்கிறது என்பார், ஆனாலும் கழற்ற மாட்டார். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், எந்த டீம் என்று. "உன் டீம்தான்" என்றார் வில்ஃப்.

"பொய்யன்" என்றாள் புல்லைப் பார்த்து. "நாப்பது வருஷம் பக்கத்துல ஒக்காந்து, மழையில நனைஞ்சு, தொண்டை கிழியக் கத்தினீங்களே! ஒரு தடவையாவது வாய் தவறியிருக்கக் கூடாதா?"

பூ தலையைத் தொங்கப் போட்டது.

"நாப்பது வருஷம்" என்றாள் மறுபடி, இந்தத் தடவை வேறு குரலில். மேவிஸ் மூக்கைச் சிந்தினாள்.

பிக்கிள்ஸ் பக்கத்தில் வந்து நின்றார். எட்னா சொல்லாமல் ஓர் ஓட்டும் விழாது என்பது அவருக்குத் தெரியும். "மிஸஸ் ஆக்ராய்ட், நீங்க சொன்னா மார்ஸ்கில்லுக்கே ஒரு வண்டி அனுப்பறேன். அங்க கொண்டுபோயித் தூவிடலாம். அவருக்கும் ஆசை இருக்கும்ல?"

"மார்ஸ்கில்லுக்கா?" எட்னா மழைக்கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்க போயி நான் யார்கூடப் பேசறது? அவரு எங்கூடத்தான் வருவாரு. இவ்வளவு நாள் ஒக்காந்தவருக்கு இன்னும் கொஞ்ச நாள் ஒக்காரத் தெரியாதா?" கரண்டியைக் குத்தி, வேரோடு, பூவோடு அள்ளி வாளியில் வைத்தாள். "போகலாம் தலைவரே. கழிப்பறைக்குக் கதவு இருக்கட்டும்."

கைகள் உயரவில்லை, எல்லோர் கையிலும் ஓர் ஆள் இருந்தார். வாளிகள் உயர்ந்தன. அப்படித்தான் கிரிம்பிள்ஷா டவுன் டானர்ஸ் லேனை விட்டுக் கிளம்பியது.

புது மைதானத்தில் எட்னா தன் இருக்கையை மாற்றிக்கொண்டாள். கோலுக்குப் பின்னால் அல்ல, வெளியூர் ரசிகர்கள் உட்காரும் பகுதியை ஒட்டிய கடைசி இருக்கை. வில்ஃபை அதற்கு நேர் முன்னால் நட்டாள். வருடத்தில் ஒரு சனிக்கிழமை மார்ஸ்கில்காரர்கள் வந்து அங்கே நின்று பாடுவார்கள். அன்றைக்கு மட்டும் எட்னா குழாய்ப் பேச்சை எடுக்காமல், வாயை மூடிக்கொண்டு, அவரைக் கேட்க விடுவாள்.

எழுந்து போகாமல் கடைசிவரை நம்பியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வில்ஃப் ஆக்ராய்ட் இன்னும் சாகவே இல்லை. போன செவ்வாய்க்கிழமை பல் வைத்தியரிடம் போய் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கார் ஓட்டியது எட்னா.