பால் பொங்கும்வரை தண்ணீர் கூடாது

பேங்க் ஏலத்தில் வீடு எடுத்தால் உள்ளது உள்ளபடிதான் எடுக்க வேண்டும். புத்தூரில் பூட்டிக் கிடந்த வீட்டைத் தாமோதரன் அப்படித்தான் எடுத்தான். வாஸ்துக்காரர் ஈசானிய மூலையைப் பார்த்துத் தலையாட்டினார். குழாயை யாரும் பார்க்கவில்லை.

சாவி கைக்கு வந்ததும், “மோட்டாரப் போட்டு ஒருவாட்டி தண்ணி உட்டுப் பாத்துடலாம்” என்று தாமோதரன் சொல்லத்தான் செய்தான். மனைவி தாட்சாயணி விடவில்லை.

“பால் பொங்கறதுக்கு முந்தி அந்த வூட்டுக் கொழாயத் தொறக்கக் கூடாது. வெளங்காது.”

நகரியில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே, மூன்று ஓரகத்திகளோடு ஒரே அடுப்படியில் காலம் தள்ளியவள் அவள். இனி இந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். திரும்பிப் போனால் மானம் போய்விடும்.

கிரகப்பிரவேசத்தன்று உறவுக்கூட்டம் சூழ நிற்க, பால் கிழக்குப் பக்கமாகவே பொங்கியது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவினார்கள். தண்ணீர் இறங்கவில்லை. குளியலறைத் தரையிலிருந்து சாக்கடை குபுகுபுவென்று ஏறி, கூடத்துக் கோலத்தைக் கரைத்துக்கொண்டு வாசல்வரை வந்தது. உறவுக்கூட்டம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடியது. மூத்த ஓரகத்தி மட்டும் நின்று, “நகரி வூட்ல உன் ரூமு அப்டியேதான் கீது” என்று ரொம்பக் கரிசனமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிளம்பர் குளியலறைத் தரையை உடைத்துப் பார்த்தால், குழாய்க்குள் சிமெண்டு கல்லாக இறுகியிருந்தது.

“யாரோ வேணும்னே ஊத்திக்கீறாங்கம்மா. லைன் எப்டிப் போவுதுன்னு தெரியல, வூட்டுத் தரை மொத்தமும் பேர்க்கணும்.”

தாமோதரன் திருப்பதிக்குப் போய் பேங்கில் கேட்டான். உள்ளது உள்ளபடிதானே எடுத்தீர்கள் என்றார்கள்.

வீட்டைப் பேங்குக்குப் பறிகொடுத்த நாகேந்திரன் அடுத்த தெருவில்தான் வாடகைக்கு இருந்தான். தாட்சாயணி அவன் வாசலில் போய் நின்று, வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் மறுக்கவில்லை.

“நான்தாம்மா ஊத்துனேன். பேங்க்காரன் நாசமாப் போவட்டும்னு ஊத்துனேன். உங்கள மாதிரி ஒரு குடும்பம் வரும்னு அப்போ தோணல.”

சொல்லிவிட்டு அவனே கூட வந்தான். செருப்பை வாசலில் விட்டான். அவன் கட்டிய வீடு. எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று அவனுக்குத் தெரியும். சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டே அடுப்படிவரை வந்தான்.

“கோடு போட்ட எடம் மட்டும் ஒடச்சாப் போதும். நீங்க இங்கியே இருந்துக்கலாம்.”

எழுந்தவன், அடுப்பு மேடையில் காய்ந்திருந்த பால் கறையைப் பார்த்தபடி நின்றான். தாட்சாயணிக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

“இன்னா பாக்கற? பால் நல்லாத்தான் பொங்கிச்சு. கெழக்கால.”

“எங்களுக்கும் கெழக்காலதாம்மா பொங்கிச்சு” என்றான் நாகேந்திரன்.