குழாய் வாயில் வைத்த மூட்டைகள்

போன வருஷம் ஒரு சொட்டு மழை இல்லாமலே வெள்ளம் வந்தது. எங்கோ மலையில் கொட்டித் தீர்த்த மழைக்கு, இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு பொங்கியது. கரையைத் தாண்டிக்கூட வரவில்லை. தெருத் தண்ணீரை ஆற்றில் கொண்டுபோய் விடுகிற பெரிய சிமெண்ட் குழாய் வழியாகவே, திருடன் மாதிரிப் பின்பக்கமாக ஏறி வந்து, சுமைக்காரன் கொக்கியின் தங்கச்சி நடத்தும் மாவு மில்லுக்குள் புகுந்தது. தரையில் குழி வெட்டி இறக்கியிருந்த மோட்டார் மூழ்கிப் போனது. சுமை தூக்குகிறவர்களுக்கெல்லாம் தலைவன், கூடப் பிறந்தவளுக்கு நாலு மூட்டை மண் போட முடியவில்லையா என்று தெருவே கேட்டது.

மூட்டையில் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி எப்போதும் தோளில் தொங்குவதால்தான் அவனுக்கு அந்தப் பெயர். கேட்டவர்கள் வாயை அடைக்க இந்த வருஷம் முந்திக்கொண்டான். மேகம் கறுத்ததுமே ஆட்களைக் கூட்டிப்போய், ஆற்றங்கரையில் அந்தக் குழாயின் வாயை மணல் மூட்டைகளால் அடைத்தான். இடுக்குகளில் களிமண் திணித்து, காலால் உதைத்து இறுக்கினான். எறும்பு நுழையட்டும் பார்க்கலாம் என்றான்.

மழை இந்தத் தடவை மலைக்குப் போகவில்லை. நேரே இந்தத் தெருவின் தலையில் இறங்கியது. இறங்கிய தண்ணீர் போக வழி இல்லாமல் முழங்கால் வரை நின்றது.

மில் வாசலில் பலகை வைத்து மறித்திருந்தார்கள். உள்ளே கசிந்ததைத் தங்கச்சி வாளியால் மொண்டு வெளியே வீசினாள். அவள் புருஷன் குழிக்குள் குந்தி, மோட்டாரை மேலே தூக்குவதற்காக அதன் நட்டைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, குழாயத் தொறந்து விடு."

"தொறந்தா ஆறு உள்ள வரும்."

"வருதா? போய்ப் பாத்தியா?"

"என்னத்தப் பாக்கணும்? போன வருஷம் பட்டது போதாதா?"

"போன வருஷத்து வெள்ளத்துக்கு இப்ப வந்து காவல் நிக்கிறியா?"

குழிக்குள்ளிருந்து மச்சான் தலையை நீட்டினான். "கோவிச்சுக்காத மச்சான். மலைத் தண்ணியா, மழைத் தண்ணியான்னு மோட்டார் கேட்டுக்கிட்டா முழுகப் போவுது?"

"நீ நட்டக் கழட்டுடா."

"காலைலேர்ந்து அதத்தான் பண்றேன். போன தடவ ஏறின துரு. என் பல்லு கழண்டாலும் இது கழலாது."

தங்கச்சி வாளித் தண்ணீரை அண்ணன் காலடியில் கொட்டினாள். "இத மோந்து பாரு. ஆத்துத் தண்ணி செம்மண்ணாட்டம் வரும். இது கறுப்பு. நம்ம தெருவோட சாக்கடை. அது போற வழிய நீ மூடி வெச்சிருக்க."

அவள் சொன்னது பொய்யென்று காட்டுவதற்காகவே கொக்கி கரைக்கு ஓடினான். ஆறு குழாய்க்கு வெகு கீழே, சோம்பேறி மாதிரிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரைத் திட்டுவது? மூட்டையில் கொக்கியைப் போட்டு இழுத்தான். அசையவில்லை. நனைந்த மணல் கல்லாகியிருந்தது. களிமண் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தது.

"எந்த நாய்டா இப்படி அடைச்சது?" என்று கத்தினான். மூட்டை அடுக்கிய ஆட்களும் பின்னாலேயே ஓடி வந்திருந்தார்கள். அதில் ஒருத்தன் தலையைக் குனிந்து சிரித்தான். அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, கொக்கி மறுபடி இழுத்தான். சாக்கு கிழிந்தது, மணல் கொட்டியது. நகக்கண்ணில் ரத்தம் வர, களிமண்ணைக் கையாலேயே தோண்டினான். ஒரு மூட்டை நழுவியதும் மற்றவை தானாகவே தெறித்தன. கறுப்புத் தண்ணீர் அவனை அடித்து ஆற்றுச் சேற்றில் தள்ளியது.

சேறு வழிய வழியத் திரும்பி வந்தபோது தெரு வடிந்துகொண்டிருந்தது. வாசல் பலகை பெயர்ந்து மிதந்தது. அவன் கரையில் மூட்டையோடு மல்லுக்கட்டிய நேரத்தில் தண்ணீர் அதைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருந்தது. தெரு வடியும், குழி எங்கே வடியும்? விளிம்பு வரை நிரம்பிக் கிடந்தது. மோட்டார் கண்ணுக்கே தெரியவில்லை. மச்சான் ஈர மாவு மூட்டைமேல் உட்கார்ந்து ஸ்பேனரை வெறித்துக்கொண்டிருந்தான்.

"போன வருஷம் நீ ஒண்ணும் பண்ணல, போச்சு," என்றாள் தங்கச்சி. குரல் உயரவில்லை. "இந்த வருஷம் பண்ணின. அதுலயும் போச்சு."

"உனக்காகத்தானே பண்ணினேன்."

"எனக்காகவா? ஊர் பேசிருச்சேன்னு பண்ணின. எனக்காகன்னா ஒரு எட்டு போய் ஆத்தப் பாத்திருப்ப."

கொக்கி வாசலுக்கு இறங்கினான். மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் கிடந்த காலிச் சாக்குகளைச் சுருட்டித் தோளில் போட்டான்.

"எங்க போற?"

"மலையில மேகம் கட்டியிருக்கு. ஆறு வந்தா?"

"வந்தா அடை. வர்றதுக்கு முன்னாடி ஒரு மூட்ட அந்த வாயில இருந்துச்சுன்னா, உன்னையே உள்ள வெச்சு அடைச்சுடுவேன்."

அவன் கரைக்குப் போய்க் குழாய்மேல் உட்கார்ந்தான். சாக்குகளில் மணலை நிரப்பிப் பக்கத்தில் அடுக்கி வைத்தான். ஒன்றையும் உள்ளே வைக்கவில்லை. கீழே ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏறவில்லை. ஏறித் தொலைந்தாலாவது பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு.