பெயரில்லாத நடுவர்

பெரியம்மா செத்த அன்றைக்கே அவளுடைய பெயரும் செத்துப்போனது. செம்மண் பாலையில் இருக்கும் எங்கள் பழங்குடி ஊர் டானர்ஸ் வெல்லில் அப்படித்தான். போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர்கள் போகிற வழியில் நின்று திரும்பிப் பார்ப்பார்கள், இருப்பவர்களுக்கோ வயிறு எரியும். அதனால் அந்தப் பெயரை மடித்து வைத்துவிடுவோம். படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவிடுவோம். துக்கம் ஆறியது என்று குடும்பத்துப் பெண்கள் சொல்லித் திறக்கும்வரை யாரும் தொடக்கூடாது. அதே பெயர் வைத்த இன்னொருத்தி உயிரோடு இருந்தால் அவள் பாடு திண்டாட்டம்தான். அவள் பெயரும் கூடவே போய்விடும். ஆணோ பெண்ணோ, அப்படிப் பெயர் போனவர்களைக் குமன்ஜாய் என்று கூப்பிடுவோம்.

இந்தக் கதையின் நாயகி அப்படி ஒரு குமன்ஜாய். அம்மாவின் அக்காவான அந்தப் பெரியம்மாவின் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்கள். அது என்ன பெயர் என்று இப்போது கேட்காதீர்கள். நேரம் வரும்போது எழுதுகிறேன்.

வார நாட்களில் அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சனிக்கிழமையானால் கழுத்தில் விசில். எங்கள் கால்பந்து முட்டை வடிவப் பந்தில் ஆடுவது, கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். மைதானம் முழுக்கச் செம்மண், புல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆட்டத்தை நடுவர்தான் தொடங்கிவைக்க வேண்டும். மைதானத்தின் நட்டநடுவில் நின்று பந்தைத் தரையில் ஓங்கி அடித்து நெட்டுக்குத்தாக எழுப்ப வேண்டும். அந்த சீசன் முழுக்க அவளைவிட நன்றாக ஊதியவர்கள் யாருமில்லை. இதை நான் சொல்லவில்லை, தோற்ற அணிகளே சொன்னார்கள். அதனால் ஃபைனலுக்கு அவள்தான் என்று ஊரே நினைத்திருந்தது. அவளும் நினைத்திருந்தாள். அவளுக்கு அது வெறும் ஆட்டமில்லை. பெரியம்மா ஆயுசு முழுக்க ஊதியும் ஃபைனலை மட்டும் அவளுக்குக் கொடுக்கவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

இந்த வருஷத்துக் காரணத்தைக் கால்பந்துச் சங்கத் தலைவர் ட்ரெவர் சொன்னார். ஊர்க் கடைக்காரர், வெள்ளைக்காரர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும்.

"பாரும்மா," என்றார், கடை வாசலில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே. "ஃபைனல்னா நடுவர் பேரை ஸ்பீக்கர்ல சொல்லணும். அது விதி. உன் பேரைச் சொல்லலாமா?"

"கூடாது."

"அப்ப நான் என்னன்னு சொல்ல?"

"குமன்ஜாய்னு சொல்லுங்க."

"அது பேரே இல்லையேம்மா. போன வருஷம் ஒரே ஆட்டத்துல மூணு குமன்ஜாய் ஆடினானுங்க. இந்தத் தடவை டிவிக்காரங்க வேற வர்றாங்க. பேரில்லாத ஒரு பொம்பளையை நடுவுல நிறுத்திட்டு நான் என்ன பதில் சொல்றது? டவுன்லேருந்து காலின் வர்றான், அவன் ஊதட்டும். நீ காசு சுண்டிவிடு. உனக்கும் மரியாதையா இருக்கும்."

"அந்த மூணு குமன்ஜாயும் ஆடினாங்கல்ல?"

"ஆடினாங்க."

"அவங்களை மட்டும் ஏன் நிறுத்தலை?"

ட்ரெவர் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளே பார்த்தார். அப்புறம் அடுத்த பெட்டியைத் தூக்கினார்.

"காசு சுண்ட நீங்களே போதும்," என்றாள் அவள். "நான் விசிலோட வருவேன்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் பெரியம்மாவின் மகன் டெஸ்மண்ட் சாம்பலில் கங்காரு வாலைப் புதைத்துச் சுட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு அண்ணன் முறை, ஊர் அணிக்குக் கேப்டன். அவனாவது நம் பக்கம் நிற்பான் என்று நம்பி அவனிடம் சொன்னாள். முள் மரத்தில் சாய்ந்த கதைதான்.

"ட்ரெவர் சொல்றதுல என்ன தப்பு? ஃபைனல்ல எலும்பு முறியும். ஆம்பளை ஆட்டம் தங்கச்சி. நீ அடிக்கிற பந்து பாதி நேரம் கோணையாத்தான் எழும்புது, ஊரே சிரிக்குது."

"உங்கம்மா ஊதலையா?"

"அப்ப வேற ஆள் இல்லை, ஊதினாங்க."

"ஆள் நிறைய இருந்தாங்க. ஓடிப்போகாம நிக்கத்தான் ஆள் இல்லை. உனக்கே தெரியும்."

டெஸ்மண்ட் நெருப்பைக் கிளறினான். தெரியாமல் என்ன? ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

பெரியம்மா முதல்முதலாக விசிலோடு இறங்கியது மாட்டுப் பண்ணைக்காரர்களின் அணி ஆடிய ஒரு ஆட்டத்தில். அந்தக் காலத்தில் அது முழுக்க வெள்ளைக்கார அணி. கறுப்பி ஊதுகிற விசிலுக்கு ஓடுவதா என்று அவர்கள் வெளியே போனார்கள். எங்கள் ஆண்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா, பொம்பளைக்கு அடங்குவதா என்று அவர்களும் பின்னாலேயே போனார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு நிறத்துக்கும் அப்படி ஒரு ஒற்றுமை. பெரியம்மா ஒருவரையும் கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை. ஆளில்லாத மைதானத்தில் பந்தை அடித்து எழுப்பினாள், நடுவில் நின்றாள், ஆட்ட நேரம் முடிந்து சைரன் ஊதியதும் வீட்டுக்குப் போனாள். அடுத்த சனிக்கிழமையும் அதேதான். ஆடாத அணிக்குப் புள்ளி கிடையாது என்பது அப்புறம்தான் ஆண்களின் மண்டையில் ஏறியது. புள்ளி போகப் போக வீராப்பும் போனது. சீசன் முடிவதற்குள் எல்லோரும் அவள் விசிலுக்கு ஓடினார்கள்.

குமன்ஜாய் அதைக் குழந்தையாக வேலிக்கு வெளியே நின்று பார்த்தவள். பெரியம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு நாளும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. நின்றாள், அவ்வளவுதான். ஒருத்தி அப்படி நின்றதைப் பார்த்துவிட்டால் அப்புறம் உட்காருவது கஷ்டம்.

வீட்டில் அம்மா இருந்தாள். அக்கா செத்ததிலிருந்து அம்மா பேசுவதில்லை. எங்கள் பெண்கள் துக்கத்தில் வாயைக் கட்டிக்கொள்வார்கள், மாதக்கணக்கில் கையால்தான் பேச்சு. அந்தக் கைப்பேச்சில் கிண்டல் உண்டு, வசவு உண்டு, பக்கத்து வீட்டுப் புரளியும் உண்டு. மகள் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"நீ பேரைத் திறந்துவிட்டா ட்ரெவருக்குச் சொல்ல ஒண்ணுமில்லை," என்று கடைசியில் கேட்டே விட்டாள்.

அம்மாவின் கை சட்டென்று காற்றை அறுத்தது. அவனுக்காகத் திறக்க மாட்டேன். அப்புறம் மெதுவாக, விசிலைக் கழுவி வை, மண் ஏறியிருக்கிறது என்றது.

ஃபைனல் அன்று காலையிலேயே சுற்றுவட்டாரம் முழுக்க வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டது. எதிரணி அதே மாட்டுப் பண்ணை அணிதான், ஆனால் இப்போது அதில் பாதிக்குமேல் எங்கள் சொந்தக்காரப் பையன்கள். நடுவில் காலின் புதுச் சட்டையோடு நின்றான். குமன்ஜாய் நடுவர் உடையில், விசிலோடு, எல்லைக்கோட்டில் போய் நின்றுகொண்டாள். யாரும் அவளை நிறுத்தவில்லை, யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை. டெஸ்மண்ட் அவளைப் பார்க்காத மாதிரி கால் நீட்டிப் பயிற்சி செய்தான்.

ட்ரெவர் மைக்கைத் தட்டினார். அவர் மனசு உறுத்தியிருக்க வேண்டும், ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்று துடித்திருக்க வேண்டும். எங்களோடு இத்தனை வருஷம் அரிசியும் மாவும் விற்றுப் பிழைத்த மனிதர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார்.

"ஆட்டத்துக்கு முன்னாடி, இந்த வட்டாரத்தோட முதல் பெண் நடுவருக்கு நம்ம மரியாதை," என்று ஆரம்பித்து, பெரியம்மாவின் முழுப் பெயரையும் ஸ்பீக்கரில் சொன்னார். கேட்காதவர்களுக்காக இன்னொரு தடவையும் சொன்னார். அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் பெரிய துணி ஒன்றைப் பிரித்தார்கள். அதில் பெரியம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் பக்கம் எழுந்த ஓலத்தில் நாய்கள் வண்டிக்கு அடியில் போய்ப் பதுங்கின. அம்மா மண்ணில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டாள். ஊர் அணிப் பையன்கள் தலையைத் தொங்கப்போட்டபடி வேலிக்கு வெளியே போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். பண்ணை அணியின் கறுப்புப் பையன்களும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மைதானத்தில் மிச்சமிருந்த நாலைந்து வெள்ளைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலின் வெயிலுக்கு ஒதுங்கி நிழலுக்குப் போய்விட்டான்.

"மரியாதைதானே செஞ்சேன்," என்றார் ட்ரெவர். பையன்களின் முதுகைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்ப எழுந்து வந்து ஆடலைன்னா ரெண்டு அணிக்கும் அடுத்த வருஷம் இடம் கிடையாது, சொல்லிட்டேன்."

டெஸ்மண்டின் கண் சிவந்திருந்தது. "வண்டியை எடுங்கடா. ஃபைனலும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்."

அவன் கோபத்தில் தப்பில்லை. ஆனால் குமன்ஜாய்க்கு வேறொன்று தெரிந்தது. இன்றைக்கு எல்லோரும் போய்விட்டால் நாளைக்குப் பேச்சு எப்படி இருக்கும்? இவர்களுக்கு ஃபைனல் கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள். பெரியம்மாவின் பெயரைச் சொன்னதால்தான் ஆட்டம் நின்றது என்றும் சொல்வார்கள். ஆயுசு முழுக்க ஆட்டத்தை நடத்தியவளின் தலையில் நின்றுபோன ஒரு ஆட்டத்தைக் கட்டுவார்கள். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

அவள் நேராகத் துணி பிடித்திருந்தவர்களிடம் போனாள். அதைப் பிடுங்கி, முகம் உள்ளே போகும்படி சுருட்டி, அம்மாவின் மடியில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு மைதானத்துக்குள் நடந்தாள். காலின் விட்டுவிட்டுப் போன பந்து நடுவில் கிடந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆட ஒருவரும் இல்லை. வெயில் கொளுத்தியது. வண்டிகளில் ஏறியவர்கள் கதவைச் சாத்தாமல் பார்த்தார்கள். வயசானவர்களுக்கு அந்தக் காட்சி புதிதில்லை. அவர்கள் முன்பே ஒரு தடவை பார்த்திருந்தார்கள்.

"வெளிய வாம்மா, வெயில்ல விழுந்து வைக்காத," என்று ஸ்பீக்கரில் ட்ரெவர்.

அவள் திரும்பக்கூட இல்லை.

அம்மா மண்ணிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். மகளைப் பார்த்தாள், ரொம்ப நேரம். அப்புறம் பக்கத்திலிருந்த மூத்த பெண்களிடம் கையால் என்னவோ கேட்டாள். அவர்களுக்குள் கைகள் பறந்தன. ஒருத்தி மறுத்தாள், இன்னொருத்தி அவள் கையைப் பிடித்து அடக்கினாள். கடைசியில் இரண்டு பேர் எழுந்து வந்து அம்மாவின் வாய்மேல் உள்ளங்கையை வைத்து எடுத்தார்கள். துக்கத்தில் கட்டிய வாயை அவிழ்ப்பது அப்படித்தான்.

அம்மா தொண்டையைச் செருமினாள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த குரல், கரகரவென்று வந்தது.

"எங்கக்கா பேரு அவன் வாயில கிடந்து நாறுறதுக்கு என் வாயில இருக்கட்டும்."

பிறகு மைதானத்தின் நடுவைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து, அந்தப் பெயரைச் சொல்லித் தன் மகளைக் கூப்பிட்டாள். "ஆரம்பி," என்றாள்.

இப்போதும் நான் எழுதவில்லை, பொறுங்கள். பெரியம்மா பெற்ற மகன் இன்னும் அந்தப் பெயருக்கு வாயைத் திறக்கவில்லை. அவன் சொல்லாமல் நான் முந்திக்கொள்வது முறையில்லை.

பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள், சூடான தேநீரை உதட்டில் வைத்துப் பார்ப்பது போல. பண்ணை அணிப் பையன் ஒருவன் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டான். அவனைப் பார்த்து இன்னொருவன். எங்கள் பையன்கள் டெஸ்மண்டைப் பார்த்தார்கள். அவன் கடைசியாகத்தான் எழுந்தான்.

ட்ரெவர் மூச்சு வாங்க நடுமைதானத்துக்கே ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது. "சரிம்மா, நீயே ஊது. இப்ப பேரை நான் அறிவிக்கலாம்ல?"

"வேணாம். அறிவிச்சாச்சு," என்றாள் அவள். "கோட்டுக்கு வெளிய போய் நில்லுங்க, ஆட்டம் ஆரம்பிக்கணும்."

ட்ரெவர் போனார்.

இரண்டு அணியும் வட்டமாக நெருங்கி நின்றன. அவள் பந்தை உயர்த்தி ஓங்கி அடித்தாள். ஒரு கல்லில் பட்டதோ, கைதான் பிசகியதோ, பந்து சுத்தமாகக் கோணையாக எழும்பி டெஸ்மண்டின் பக்கமாக ஓடியது. யாரும் சிரிக்கவில்லை. அவள் விசில் ஊதினாள், செல்லாது என்று கையைக் காட்டினாள், பந்தைத் திரும்பக் கேட்டாள்.

டெஸ்மண்ட் குனிந்து எடுத்தான். பந்திலிருந்த மண்ணைத் தன் சட்டையில் துடைத்தான். அவளருகே வந்து நின்றும் பந்தைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் உதடு ஒரு தடவை கோணி நேரானது.

"இந்தா, மாவிஸ்," என்றான்.

மாவிஸ் பந்தை வாங்கினாள். காலை அகட்டி நின்று, மறுபடியும் தரையில் ஓங்கி அடித்தாள்.